அங்காடிச் சொல்லும் கட்டற்ற மென்பொருளும்

திண்டுக்கல் நகர அங்காடியில் காய்கறி வாங்குவோர், நிறுத்துக் கொடுத்த பொருளுக்கு மேலாக ஒரு பிடி கறிவேப்பிலையோ இரண்டு பச்சை மிளகாயோ கேட்டுப் பெறுதல் வழக்கம். அதனைக் கொசுறு என்பர். அந்நகரைச் சூழ்ந்த சமவெளிச் சிற்றூர்களில் ஊர்ப் பொதுக்கிணறுகள் உண்டு. அவற்றில் நீர் இறைப்போர் எவரும் விலை கொடுப்பதில்லை. கொசுறும் கிணற்று நீரும் விலையின்றிக் கிடைப்பனவே. எனினும் இரண்டும் ஒன்றல்ல. கொசுறு, விற்போன் மனமுவந்து கொடுத்தாலன்றிக் கிடைப்பதில்லை; வாங்காதவனுக்கு அஃது என்றும் இல்லை. கிணற்று நீரோ உரிமையால் கிடைப்பது.

உரிமை என்னும் சொல்லை ஈண்டு எண்ணியே ஆள்கின்றோம். பொதுக்கிணற்று நீருக்குத் தமிழ்நாட்டில் விலை இருந்ததில்லை. ஆயினும் ஒடுக்கப்பட்ட மக்கள் நெடுங்காலம் அதனை அணுக இயலாதிருந்தனர். 1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்பின் 15ஆம் உறுப்பும், 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டமும் கிணறுகளைப் பெயர் சுட்டிக் கூற வேண்டியிருந்தது. விலை இல்லாத இடத்தும் உரிமை இல்லாதிருத்தல் கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கணினி மென்பொருளைப் பற்றித் தமிழில் எழுதுவோரும் பேசுவோரும் இவ்வேறுபாட்டை எந்த அளவிற்குப் போற்றியுள்ளனர் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விலை, இலவசம், சந்தை, நுகர்வோர், வணிகம் முதலான அங்காடிச் சொற்கள் இத்துறையில் எவ்வாறு வந்து குடிபுகுந்தன, அவற்றுள் கொள்ளத்தக்கன எவை, தள்ளத்தக்கன எவை என்பவற்றை முறையே காண்போம்.

ஆங்கிலச் சொல்லின் இடர்ப்பாடு

மென்பொருள் என்பது கணினிக்கு ஆணையிடும் நிரல்களின் தொகுதி. அதனை இயற்றுவோர் மனிதர் படித்தறியும் வடிவில் எழுதுவர். அவ்வடிவம் மூலநிரல் எனப்படும். பின்னர் அது பொறி மட்டுமே அறியும் வடிவாக மாற்றப்படும். கணினித் தொழிலின் தொடக்கக் காலத்தில் மென்பொருள் பெரும்பாலும் பொறியோடு சேர்த்தே கொடுக்கப்பட்டது. அதற்கெனத் தனி விலை இல்லை. 1969ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் மென்பொருளுக்குத் தனி விலை குறிக்கும் முடிவினை அறிவித்தது. அதன்பின் மென்பொருள் தனிச் சரக்காயிற்று. மூலநிரலை மறைத்து, பொறிவடிவத்தை மட்டும் விற்கும் முறையும் வலுப்பெற்றது.

இம்முறையை மறுத்து, 1983ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். 1985இல் அதற்கென ஓர் அறக்கட்டளையை நிறுவினார். 1989இல் குனு பொது உரிமத்தின் முதற்படிவம் வெளிவந்தது. மென்பொருளை எந்நோக்கத்திற்கும் இயக்குதல், அதன் மூலநிரலைக் கற்று மாற்றுதல், படியெடுத்துப் பிறர்க்கு அளித்தல், மாற்றிய வடிவத்தையும் பிறர்க்கு அளித்தல் ஆகிய நான்கு உரிமைகளும் பயன்படுத்துவோர் எல்லார்க்கும் உண்டு என்பது அவ்வியக்கத்தின் கோட்பாடு. விலையைப் பற்றி அக்கோட்பாடு ஒன்றும் கூறவில்லை. ஸ்டால்மன் தாமே 1985இல் தம் மென்பொருள் அடங்கிய நாடாச்சுருளை 150 டாலருக்கு விற்றார்.

எனினும் அவ்வியக்கத்திற்கு அமைந்த ஆங்கிலப் பெயரில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. ஆங்கிலத்தில் விடுதலையைக் குறிக்கும் சொல்லே விலையின்மையையும் குறிக்கும். ஆகலின் பெயரைக் கேட்டோர் பலர் விலையற்ற பண்டம் என்றே பொருள் கொண்டனர். பேச்சுரிமையில் உள்ள விடுதலையையே தாம் கருதுவதாகவும், காசின்றி ஊற்றப்படும் மதுவைக் கருதவில்லை எனவும் அவ்வியக்கத்தார் இடந்தொறும் விளக்க நேர்ந்தது.

1998ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் கலிபோர்னியாவில் கூடிய சிலர், திறந்த மூலம் என்னும் பொருள்படும் புதுப்பெயரை முன்வைத்தனர். அப்பெயரைப் படைத்தவர் கிறிஸ்டீன் பீட்டர்சன் என்பார். விலை பற்றிய குழப்பத்தை நீக்குவதும், வணிக நிறுவனத்தார்க்கு அச்சம் தராத பெயரைத் தருவதும் அவர்கள் கருத்து. குழப்பம் ஓரளவு நீங்கியது உண்மையே. ஆயினும் பெயரோடு பேச்சின் போக்கும் மாறிற்று. உரிமை, விடுதலை என்னும் சொற்கள் நின்ற இடத்தில் சிக்கனம், தரம், சந்தைப் பங்கு என்னும் சொற்கள் வந்து நின்றன. பண்டத்தின் சிறப்பு பேசப்பட்டது. பயன்படுத்துவோனின் நிலை பேசப்படவில்லை. ஸ்டால்மன் அப்புதுப்பெயரை ஏற்க மறுத்தமைக்கு இதுவே காரணம்.

தமிழில் அமைந்த பெயர்கள்

தமிழுக்கு இவ்விடர்ப்பாடு இயல்பாகவே இல்லை. விலையின்மையைக் குறிக்க இலவசம் என ஒரு சொல்லும், தடையின்மையைக் குறிக்க விடுதலை, உரிமை, கட்டின்மை எனப் பல சொற்களும் நம்மிடம் உண்டு. இரண்டையும் ஒன்றாக மயங்க வைக்கும் சொல் எதுவும் இல்லை. எனினும் தமிழில் எழுதினோர் பலர் 'இலவச மென்பொருள்' என்றே பெயர்த்து எழுதினர். ஆங்கிலச் சொல் தன் வறுமையால் விளைத்த குழப்பத்தை, சொல்வளம் உடைய தமிழ் தானே விரும்பி ஏற்றுக்கொண்டது போலாயிற்று. இது மொழியின் குறை அன்று. பெயர்ப்போரின் விரைவே காரணம்.

பின்னர் இக்குறையை உணர்ந்தோர் 'கட்டற்ற மென்பொருள்', 'தளையறு மென்பொருள்' என்னும் தொடர்களை அமைத்தனர். திறந்த மூலம் என்னும் ஆங்கிலப் பெயருக்குத் 'திறமூலம்' எனச் சுருங்கிய வடிவமும் தோன்றியது. 2003ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தமிழ் விக்கிப்பீடியா தன்னைக் 'கட்டற்ற கலைக்களஞ்சியம்' எனக் கூறிக்கொண்டமையால், அவ்வடைமொழி மென்பொருள் துறையைக் கடந்தும் பரவிற்று. அண்டை மொழியாகிய மலையாளம் தொடக்கத்திலேயே 'சுதந்திர' என்னும் அடையைத் தேர்ந்துகொண்டது. 2001இல் இந்தியாவிற்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தோன்றியதும், கேரளப் பள்ளிகளில் இம்மென்பொருள் வேரூன்றியதும் ஈண்டு நினைக்கத்தக்கன. இந்தி 'முக்த' என்னும் சொல்லை ஆள்கிறது. இவ்விரு மொழிகளிலும் விலை பற்றிய சாயல் பெயரில் இல்லை.

கட்டற்ற என்னும் தொடரிலும் ஆராயத்தக்கது ஒன்று உண்டு. கட்டு என்பது பிணிப்பையும் காவலையும் குறிக்கும். அதனோடு, வரி கட்டுதல், பணம் கட்டுதல் என்னும் வழக்குகளில் செலுத்துதலையும் குறிக்கும். ஆகவே கட்டணமற்ற என்பதன் சுருக்கமே கட்டற்ற என்று மாணவர் சிலர் கருதுதல் இயல்பே. மேலும், குனு பொது உரிமம் முற்றிலும் கட்டில்லாதது அன்று. பெற்ற உரிமைகளைத் தன்னிடமிருந்து பெறுவோர்க்கும் குறைக்காமல் தருதல் வேண்டும் என்னும் ஒரு கட்டு அதில் உண்டு. எனினும் அக்கட்டு உரிமையைக் காக்கும் வேலியே அன்றி உரிமையைத் தடுக்கும் தளை அன்று. ஆகலின் அத்தொடரைக் கொள்வதில் பெரும் பிழை இல்லை.

விலையில்லா என்னும் அடைமொழி

சொல்வரலாற்றில் அரசின் வழக்கு பெரும்பங்கு கொள்வது. 2006ஆம் ஆண்டுக்குப் பின் தமிழ்நாட்டரசு வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் 'இலவச' என்னும் அடையோடு வழங்கின. 2011இல் ஆட்சி மாறியபின் அவ்வடை நீங்கி 'விலையில்லா' என்னும் அடை வந்தது. அரிசி, மின்விசிறி, கறவை மாடு, ஆடு ஆகிய எல்லாவற்றிற்கும் அதுவே முன்னொட்டாயிற்று. இலவசம் என்னும் சொல்லில் படிந்துவிட்ட இழிவுச் சாயலை நீக்குவதே இம்மாற்றத்தின் விளைவு. ஓசி என்னும் கொச்சைச் சொல்லை நோக்கின் அவ்விழிவு விளங்கும். கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவல் எனக் குறித்து, கட்டணமின்றிச் சென்ற அஞ்சல்களின் ஆங்கில எழுத்துகளிலிருந்து அச்சொல் பிறந்தது என மக்கள் கூறுவர். திண்டுக்கல் சீமை 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அக்கம்பெனியின் கைக்கு வந்தது. சொற்பிறப்பு எவ்வாறாயினும், வணிகக் கம்பெனி தனக்குத் தானே செய்துகொண்ட சலுகை ஒன்று, காசின்றிப் பெறும் ஏழையை இகழும் சொல்லாகப் பேச்சுவழக்கில் விளக்கப்படுவது எண்ணத்தக்கது.

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், திருவள்ளூரை அடுத்த காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பெற்றது. தமிழ்நாடு முழுவதும், திண்டுக்கல் மாவட்டத்து அரசுப் பள்ளிகள் உட்பட, மேல்நிலை மாணவர் இக்கணினிகளைப் பெற்றனர். தொடக்கத்தில் வழங்கப்பெற்ற கணினிகளில் இயக்குமுறைமைகள் இரண்டு இருந்தன. ஒன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ். மற்றொன்று சி-டாக் என்னும் நடுவணரசு நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ்.

இவ்விரண்டும் மாணவனுக்கு விலையில்லாமல் வந்தவையே. ஆயினும் விண்டோஸ், அரசு விலை கொடுத்துப் பெற்ற உரிமத்தின் பேரில் வந்தது. மாணவன் அதனை இயக்கலாம். படியெடுத்துத் தோழனுக்குக் கொடுத்தல் உரிம மீறலாகும். அதன் மூலநிரலைக் காண இயலாது. பாஸ் லினக்ஸோ, மாணவன் படியெடுத்து ஊர் முழுதும் வழங்கத்தக்கது. கட்டற்ற பகுதிகளின் மூலநிரலைக் கற்கலாம், மாற்றலாம், மாற்றியதை விற்கவும் செய்யலாம். முன்னது கொசுறு போன்றது. பின்னது பொதுக்கிணறு போன்றது. விலையில்லா என்னும் ஒற்றை அடைமொழியோ இரண்டையும் ஒரே போர்வையால் மூடிவிட்டது. வத்தலக்குண்டிலோ வேடசந்தூரிலோ மடிக்கணினியைத் திறந்த ஒரு மாணவிக்கு, தன் கையில் இருந்த இரண்டனுள் ஒன்று தனக்கே உரியது என்பதை அப்பெயர் கூறவில்லை. தன் உரிமையை அறியாதவர் அதனைப் பயன்படுத்துவது எங்ஙனம்? சொல்லின் குறை ஈண்டு வெறும் சொற்குறையாக நிற்கவில்லை. கல்வியின் குறையாகவே முடிந்தது.

பழந்தமிழ் வழக்கு

கொடையைப் பற்றிப் பேசுங்கால் அங்காடிச் சொல்லை விலக்குதல் தமிழ்ப் புலவர்க்குப் புதிதன்று. இன்று திண்டுக்கல் மாவட்டத்தில் அடங்கிய பழனியை ஒட்டிய மலைநாட்டை ஆண்டவன் வையாவிக் கோப்பெரும் பேகன். மயிலுக்குப் போர்வை ஈந்த செயலால் பெயர் பெற்றவன். அவனைப் பாடிய பரணர், புறநானூற்றின் 141ஆம் பாட்டில், அவன் ஈகை மறுமைப் பயனை நோக்கியதன்று, பிறர் வறுமையை நோக்கியதே என்கிறார். ஆய் அண்டிரனைப் பாடிய உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், அந்நூலின் 134ஆம் பாட்டில் ஒருபடி மேற்சென்று, அறத்தை விலையாகக் கொடுத்து மறுமையை வாங்கும் வணிகன் அல்லன் ஆய் என்கிறார். கைம்மாறு கருதிய கொடையும் ஒருவகை விற்பனையே என்பது அப்புலவர் கருத்து.

இதனால் பழந்தமிழர் வணிகத்தை இகழ்ந்தனர் எனக் கொள்ளலாகாது. மிகுதியாகக் கொள்ளாமலும் குறைத்துக் கொடாமலும் நடுவுநிலை பிறழாது வாணிகம் செய்தோரைப் பட்டினப்பாலை போற்றுகிறது. கொடைக்கு அறம் வேறு, வணிகத்திற்கு அறம் வேறு. ஒன்றன் அளவுகோலால் மற்றொன்றை அளத்தல் ஆகாது என்பதே அவர்கள் கொண்ட நெறி.

மென்பொருள் துறையின் தமிழ்ச் சொற்கள் சில இந்நெறிக்கு மாறின்றி அமைந்துள்ளன. ஒரு மென்பொருளின் கோப்புகளைச் சேர்த்துக் கட்டியதனைப் பொதி என்பர். அது மாட்டின் முதுகில் ஏற்றிய வணிகச் சுமையின் பெயர். பொதிகள் வைக்கப்பெறும் இடத்தைக் களஞ்சியம் என்பர். அது தானியம் சேமிக்கும் இடத்தின் பெயர். லினக்ஸின் பல்வேறு தொகுப்புகளை வழங்கல்கள் என்பர். வழங்குதல் என்னும் சொல்லுக்குக் கொடுத்தல் என்றும், புழங்குதல் என்றும் இருபொருள் உண்டு. கொடுக்கப்படுவதே புழங்கும், புழங்குவதே நிலைபெறும் என்னும் உண்மை அச்சொல்லுக்குள்ளேயே பொதிந்துள்ளது. இச்சொற்கள் உழவிலும் வணிகத்திலும் பிறந்தவையே. எனினும் ஊறு செய்யவில்லை. ஏனெனில் இவை பண்டத்தின் இருப்பையும் இயக்கத்தையும் கூறுகின்றனவேயன்றி, பெறுவோனின் உரிமையைச் சுருக்கவில்லை.

வணிகம் பகையன்று

இத்துறையில் பரவியுள்ள பிறிதொரு பிழை, கட்டற்ற மென்பொருளுக்கு எதிர்ச்சொல்லாக 'வணிக மென்பொருள்' என்பதனை ஆளுதல். கட்டற்ற மென்பொருளை விற்றல் தடுக்கப்பட்டதன்று. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் கருவின் முதல் உரிமம், படியெடுத்துத் தருவோர் பணம் பெறுதலைத் தடுத்தது. 1992இல் அவர் அதனைக் குனு பொது உரிமத்தின்கீழ்க் கொணர்ந்தார், அத்தடை நீங்கிற்று. அதன்பின் லினக்ஸ் விரைந்து பரவியது. அதனை அடிப்படையாகக் கொண்டு தொழில் நடத்திய ரெட் ஹாட் நிறுவனத்தை 2019இல் ஐ.பி.எம். ஏறத்தாழ 3,400 கோடி டாலருக்கு வாங்கிற்று. இவை வணிகம் அல்ல என யாரே கூறுவர்? கட்டற்ற மென்பொருளின் எதிர்ச்சொல் தனியுடைமை மென்பொருள் என்பதே.

தமிழ்நாட்டில் இதற்கு நல்லதோர் ஒப்புமை உண்டு. 1949ஆம் ஆண்டில் பாரதியார் படைப்புகள் நாட்டுடைமை ஆயின. அதன்பின் அவற்றை எவரும் பதிப்பிக்கலாம். பதிப்பகத்தார் பலர் பல விலைகளில் இன்றும் விற்கின்றனர். விலை உண்டு, தடை இல்லை. பாரதியார் நூல்களை இலவச நூல்கள் என யாரும் கூறுவதில்லை. விலைக்கு விற்கப்படுவதால் அவற்றின் பொதுமை கெட்டது எனவும் யாரும் கூறுவதில்லை. நாட்டுடைமை என்னும் சொல்லில் விலையைப் பற்றிய பேச்சே இல்லை. உடைமையைப் பற்றிய பேச்சே உண்டு. மென்பொருளுக்குப் பெயரிடுவோர் கைக்கொள்ளத்தக்க முறை இதுவேயாம்.

திண்டுக்கல்லின் பெயர் பெற்ற தொழிலிலிருந்தும் ஒரு சான்று காட்டலாம். கையால் செய்யப்பெறும் திண்டுக்கல் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. பூட்டு விற்பவன் அதன் சாவியையும் சேர்த்தே கொடுக்கின்றான். பூட்டினை விற்றுச் சாவியைத் தன் மடியில் வைத்துக்கொள்வானாயின் அதனை விற்பனை என ஊரார் ஒப்புக்கொள்ளார். மூலநிரல் சாவி போன்றது. தனியுடைமை மென்பொருளை வாங்கினோம் என்று நாம் கூறுங்கால், உண்மையில் சாவியில்லாத பூட்டினையே பெற்று வருகின்றோம். ஆகவே அங்காடியின் அறத்தைக் கொண்டு அளந்தாலும், தனியுடைமை முறையை நல்விற்பனை எனக் கூறுதல் எளிதன்று.

நுகர்வோரும் பயனரும்

தள்ளத்தக்க சொற்களுள் முதன்மையானது நுகர்வோர் என்பது. நுகர்தல் என்பது துய்த்தல். உணவு போன்ற பொருள்களில் துய்த்தலால் பொருள் தேயும். மென்பொருளோ ஒருவர் பயன்படுத்துவதால் தேய்வதில்லை. ஆயிரவர் படியெடுத்தாலும் குறைவதில்லை. மேலும், நுகர்வோன் என்பான் பிறர் படைத்ததைப் பெறுபவன். படைப்பில் அவனுக்குப் பங்கில்லை. கட்டற்ற மென்பொருளில் இன்று பயன்படுத்துவோர் நாளை பிழை திருத்துவோராதல் கூடும். இடைமுகத்தைத் தமிழில் பெயர்த்துத் தருவோராதலும் கூடும். இயக்குமுறைமைகளும் உலாவிகளும் தமிழில் பேசுவதற்குப் பெரும்பாலும் ஊதியம் பெறாத ஆர்வலர் உழைப்பே காரணம். 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர் தட்டெழுத்தாலேயே இணையத்தில் ஏற்றியது. இத்தகையோரை நுகர்வோர் என்றும் வாடிக்கையாளர் என்றும் அழைத்தல் பொருந்துமா? பயனர், பங்களிப்பாளர் என்னும் சொற்களே பொருந்துவன.

சந்தைப் பங்கு என்பதும் இத்தகையதே. ஒரு மென்பொருளை எத்துணைப் பேர் ஆள்கின்றனர் என்று கூறுதல் வேறு. சந்தையில் அதன் பங்கு இத்துணை என்று கூறுதல் வேறு. தமிழ் எழுத்துருக்களை எத்துணைப் பேர் பயன்படுத்துகின்றனர் என்பது தமிழின் நலம் பற்றிய கேள்வி. அதனைச் சந்தைப் பங்கு என்றவுடன் அது விற்போனின் ஊதியம் பற்றிய கேள்வியாகச் சுருங்கிவிடும்.

பொதுமக்கள் அறிவது விலை ஒன்றே. உரிமை என்று கூறினால் அவர்கள் செவியில் ஏறாது. இலவசம் என்றால்தான் திரும்பிப் பார்ப்பர் எனக் கூறுவோரும் உளர். இது நடைமுறை அறிந்தோர் கூற்றே, எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. எனினும், இலவசம் எனக் கேட்டு வந்தவர் வேறோர் இலவசம் கிடைத்தவுடன் அதன்பால் செல்வர். இன்று தனியுடைமை நிறுவனங்கள் பலவும் தம் மென்பொருளை விலையின்றியே தருகின்றன. விலைக்கு மாறாகப் பயன்படுத்துவோரின் செய்திகளைத் திரட்டிக்கொள்வனவும் அவற்றுள் உண்டு. அத்தகைய கொசுறோடு விலையின்மையில் போட்டியிடுதல் கட்டற்ற மென்பொருளுக்கு வெற்றி தாராது. மேலும், திண்டுக்கல் சமவெளி மக்களுக்கு உரிமை என்பது அறியாத சொல் அன்று. கண்மாய் நீரின் முறையும் பொதுக்கிணற்றின் வழியும் பற்றி வழக்காடி வந்த மக்களுக்கு, விலை வேறு உரிமை வேறு என்பதனைப் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். ஆங்கிலச் சொல்லின் இருபொருட் குழப்பம் தமிழுக்கு இயல்பானதன்று, பெயர்ப்பினால் வந்தது. இலவச, விலையில்லா என்னும் அடைகள் பெறுவோன் செலுத்திய தொகையை மட்டுமே கூறுவன. அவன் பெற்ற உரிமையைக் கூறுவனவல்ல. ஆகவே கட்டற்ற மென்பொருளுக்கு அவற்றை ஆளுதல் தவிர்க்கத்தக்கது. வணிக மென்பொருள் என்பதனை எதிர்ச்சொல்லாக ஆளுதல் பிழை. தனியுடைமை என்பதே தக்கது. பொதி, களஞ்சியம், வழங்கல் முதலான சொற்கள் போற்றத்தக்கன.

பள்ளி மாணவர்க்குக் கணினி வழங்குவோரும், பாடநூல் எழுதுவோரும் இவ்வேறுபாட்டை ஒரு பத்தியிலேனும் விளக்குதல் நன்று. கணினியைப் பெறும் மாணவி, எவ்வளவு காசு கொடுத்தேன் என்பதோடு அமையாமல், இதனைக் கொண்டு என்னென்ன செய்ய எனக்கு உரிமை உண்டு எனவும் கேட்டறிதல் வேண்டும். அக்கேள்விக்கு இடந்தரும் சொல்லே நற்சொல்லாம்.